பட்டியல் இறக்குமதி லைப்ரரி: தவறான வரிகளை என்ன செய்வது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவுக்காக பைத்தானில் சின்ன லைப்ரரி ஒன்று எழுதுகிறீர்கள். ஒவ்வொரு துறையும் எக்செல்லில் தட்டி, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரை ஃபைலாக) சேமித்து அனுப்பும் மாணவர் பட்டியலை அது படித்து, சரிபார்த்து, டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். நாலாயிரம் வரிகளில் ஒன்று தவறாக இருந்தாலும் முழு ஓட்டமும் நின்றுவிடுகிறது. டிரை, எக்செப்ட் (பைத்தானில் பிழையைப் பிடிக்கும் கட்டளைகள்) போட்டுத் தாண்டவைத்தால், எது ஏறியது, எது விடுபட்டது என்று யாருக்கும் தெரிவதில்லை. இரண்டில் எது சரி, பிழைக் கையாளுதலை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம். உங்கள் இறக்குமதி ஃபங்ஷன் ஏற்ற பதிவுகள், மறுத்த பதிவுகள் என்று இரண்டையும் திருப்பித் தர வேண்டும். மறுத்தவற்றை லாகில் (சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) கொட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஷீட்டைத் தட்டிய துறை அலுவலக ஊழியர்தான் அதைத் திருத்தக்கூடிய ஒரே ஆள். அவர் உங்கள் சர்வர் லாகைப் பார்க்கப் போவதில்லை. அவர் கைக்கு எது போய்ச் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் திருத்தி அனுப்புவார் என்று யோசித்து, அங்கிருந்து பின்னோக்கி லைப்ரரியை வடிவமைத்தால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.

சத்தமில்லாமல் தாண்டிப் போவது எவ்வளவு மோசம் என்பதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான கொரோனா பரிசோதனை முடிவுகளில் 15,841 தொற்றுகள் அரசின் அன்றாடக் கணக்கில் சேராமலே போயின. ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி ஃபைல்களை, பொது சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் உச்சம். அதற்கு மேல் வந்தவை வெளியே நின்றன. யாருக்கும் எரர் வரவில்லை. தொற்று உறுதியானவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை அதனால் நாள்கணக்கில் தாமதமானது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ‘படித்தவை = ஏற்றவை + மறுத்தவை + வெற்று வரிகள்’ என்ற கணக்கைப் போட்டு, அது பொருந்தாவிட்டால் ஓட்டம் தோல்வி என்று அறிவித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உங்கள் லைப்ரரியில் இது ஒரே ஒரு அஸெர்ட் (பொருந்தாவிட்டால் ஓட்டத்தை நிறுத்தும் சோதனை வரி). அதை முதலில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், எல்லாப் பிழையும் ஒரே ஜாதி இல்லை. நான் மூன்றாகப் பிரிப்பேன். ஃபைலே தவறு: தலைப்பு வரியில் ‘கணக்கு எண்’ என்ற நெடுவரிசையே இல்லை, அல்லது என்கோடிங் (எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் முறை) படிக்கவே வரவில்லை. இங்கே உடனே நிற்பதுதான் மரியாதை. நாலாயிரம் முறை ‘கணக்கு எண் இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டாவது, வரி தவறு: அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மேலே போக வேண்டும். மூன்றாவது, சூழல் தவறு: டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது, டிஸ்க் நிறைந்தது. இது தரவின் குற்றமே இல்லை. இதை வரிப்பிழை என்று எழுதி ஊழியருக்கு அனுப்பினால் அவர் சரியான வரியை உட்கார்ந்து ‘திருத்துவார்’. மூன்றாம் வகையைத் தொடாமல் மேலே எகிற விடுங்கள்.

இதனால்தான் ‘எக்செப்ட் எக்செப்ஷன்’ என்று மொத்தமாகப் பிடிப்பது ஆபத்து. உங்கள் கோடில் ஒரு வேரியபிள் பெயரைத் தப்பாகத் தட்டியிருந்தால் நேம்எரர் வரும். அதையும் அந்த வலை பிடித்து, நாலாயிரம் வரிகளும் தவறு என்று அறிக்கை எழுதும். வேல்யூஎரரிலிருந்து ஒரு கிளாஸை நீங்களே உருவாக்கி, சரிபார்ப்பு ஃபங்ஷன்கள் அதை மட்டும் எழுப்பட்டும். வரிச் சுற்றில் அதை மட்டும் பிடியுங்கள். மற்றது எது வந்தாலும் அது உங்கள் பக், ட்ரேஸ்பேக்கோடு (பிழை எங்கே வந்தது என்ற தடத்தோடு) விழட்டும்.

வடிவமைப்பு இப்படி இருக்கலாம். படிப்பது, மாற்றுவது, ஏற்றுவது என மூன்று அடுக்கு. படிக்கும் அடுக்கு ஒரு ஜெனரேட்டர். வரி எண்ணையும் மூல வரியையும் ஒவ்வொன்றாக யீல்ட் செய்யும், அதாவது கேட்கக் கேட்கத் தரும். மாற்றும் அடுக்கு அதை வாங்கி, ஒன்று சரியான பதிவைத் தரும், இல்லையென்றால் பிழைகளின் பட்டியலைத் தரும். ரஸ்ட் மொழியின் சிஎஸ்வி லைப்ரரி இதே பாணிதான்: ஒவ்வொரு வரிக்கும் ‘சரி’ அல்லது ‘பிழை’ என்ற ஒரு ரிசல்ட் வந்துகொண்டே இருக்கும். முதல் பிழையில் நிற்பதா, சேர்த்துக்கொண்டு போவதா என்பதை அழைப்பவர் முடிவு செய்வார். லைப்ரரி எழுதுபவர் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது. பைத்தானில் எக்செப்ஷன் எறிவதே பழக்கம் என்பதால் இதை மறந்துவிடுகிறோம். ஆனால் ஜெனரேட்டருக்குள்ளிருந்து எக்செப்ஷன் வெளியே போய்விட்டால் அந்த ஜெனரேட்டர் அதோடு முடிந்தது. அடுத்த வரியை அதனிடம் கேட்க முடியாது. வரிப்பிழையை எறியாமல் மதிப்பாகவே யீல்ட் செய்யச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

பிழை ஒவ்வொன்றும் ஒரு சின்ன டேட்டாகிளாஸ் (விவரங்களை வைத்திருக்க மட்டுமான கிளாஸ்). வரி எண், நெடுவரிசையின் பெயர் (ஊழியர் தன் ஷீட்டில் பார்க்கும் பெயர், உங்கள் வேரியபிள் பெயர் அவருக்கு எதற்கு?), வந்த மூல மதிப்பு, ஒரு குறியீடு, மனிதர் படிக்கும் வாசகம். குறியீடும் வாசகமும் தனித்தனியாக இருப்பது முக்கியம். குறியீடு இருந்தால்தான் ‘தேதி வடிவம் தவறு: 3,100 வரிகள்’ என்று தொகுத்துச் சொல்ல முடியும். வாசகத்தை நாளைக்கு மாற்றினாலும் டெஸ்ட்கள் உடையாது. லாகில் குறியீட்டையும் வரி எண்ணையும் மட்டும் எழுதுங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் பிறந்த தேதியும் லாகுக்குள் போக வேண்டிய காரியமே இல்லை.

ஒரு வரியில் மூன்று கட்டங்கள் தவறு என்றால் மூன்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். முதல் தவறோடு நிறுத்தினால் ஊழியர் அதைத் திருத்தி அனுப்புவார், அடுத்தது வரும், மறுபடி அனுப்புவார். மூன்றாவது சுற்றில் உங்களுக்கு ஃபோன் வரும். ஆனால் கட்டங்களுக்கு இடையிலான சோதனைகளை (சேர்ந்த தேதி பிறந்த தேதிக்குப் பின்னால்தானே என்பது போல) இரண்டு கட்டமும் தனித்தனியாகத் தேறிய பிறகுதான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தவறுக்கு இரண்டு புகார் எழும். நல்ல வாசகம் எப்படி இருக்கும் என்றால்:

வரி 212, ஐஎஃப்எஸ்சி: ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வர வேண்டும், ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது.
வரி 212, கணக்கு எண்: எக்செல் இதைச் சுருக்கிவிட்டது. பாஸ்புக்கைப் பார்த்து முழு எண்ணையும் மறுபடி தட்டவும்.
வரி 1846, பிறந்த தேதி: 31/02/2006 என்று ஒரு நாள் கிடையாது.

‘இன்வேலிட் வேல்யூ’ என்று மட்டும் சொல்லும் அறிக்கைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அந்த ஷீட் அன்று மாலையே திரும்பி வருமா, அடுத்த வாரம் வருமா என்பதில் தெரியும்.

வரி எண் என்றதும் ஒரு பொறி. பைத்தானின் சிஎஸ்வி ரீடரில் ‘லைன்_நம்’ என்று ஒரு பண்பு இருக்கிறது. அது எத்தனை பௌதிக வரிகளைப் படித்தது என்று சொல்லும், எத்தனை பதிவு என்று சொல்லாது. முகவரிக் கட்டத்துக்குள் ஊழியர் ஆல்ட்-என்டர் அடித்திருந்தால் ஒரு பதிவு மூன்று வரிகளில் நீளும். அப்போது லைன்_நம் காட்டுவது பதிவின் கடைசி வரியை. அடுத்த பதிவைக் கேட்பதற்கு முன் இருந்த லைன்_நம்மோடு ஒன்று கூட்டினால் பதிவு எந்த வரியில் தொடங்குகிறது என்று கிடைக்கும். ஆனால் எக்செல்லில் திறந்து பார்ப்பவருக்கு வேண்டியது ஷீட்டின் வரிசை எண், அதாவது எத்தனையாவது பதிவு என்பது. நோட்பேடில் பார்ப்பவருக்குத்தான் பௌதிக வரி எண். இரண்டையும் வைத்துக்கொண்டு, ஊழியர் அறிக்கையில் ஷீட் எண்ணைக் காட்டுங்கள். டிக்ட்ரீடரை (ஒவ்வொரு வரியையும் தலைப்பு, மதிப்பு ஜோடிகளாகத் தரும் ரீடர்) பயன்படுத்தினால் இன்னொன்று: முழுக்க வெற்றான வரிகளை அது சொல்லாமல் தாண்டிவிடும், ஆகவே நீங்களாக வைத்திருக்கும் எண்ணிக்கை அங்கேயே பிசகிவிடும். அதோடு ஒரு வரியில் கட்டங்கள் அதிகமாக இருந்தால் மிச்சத்தை ‘நன்’ (பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு) என்ற சாவிக்குள் போட்டுவைக்கும், குறைவாக இருந்தால் இல்லாதவற்றில் ‘நன்’ என்று நிரப்பும். இரண்டுக்கும் எரர் கிடையாது. ஒரே தலைப்பு இரண்டு முறை வந்தால் பின்னால் வந்தது முன்னதை விழுங்கும், அதற்கும் சத்தமில்லை. இதனால் நான் டிக்ட்ரீடரை விட்டு, சாதாரண ரீடரை எடுத்து, தலைப்பை நானே சரிபார்ப்பேன். இருபது வரி கோட் கூடும், அவ்வளவுதான்.

மேற்கோள் குறி இன்னொரு தலைவலி. 2005 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம்தான் சிஎஸ்விக்கு ஓரளவு இலக்கணம். கட்டத்துக்குள் காற்புள்ளியோ வரிமுறிவோ இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், உள்ளே மேற்கோள் வந்தால் அதை இரட்டிக்க வேண்டும் என்பது விதி. எக்செல் இதைச் சரியாகவே செய்கிறது. யாரோ நோட்பேடில் திறந்து கைவைத்த ஃபைலும், காற்புள்ளியைச் சும்மா ஒட்டி ஃபைல் செய்யும் பழைய மென்பொருளும்தான் விதியை மீறுவன. முகவரியின் தொடக்கத்தில் மூடாத ஒரு மேற்கோள் இருந்தால், அடுத்த மேற்கோள் வரும் வரை உள்ள எல்லா வரிகளும் அந்த ஒரே முகவரிக்குள் போய்விடும். பைத்தானில் ஒரு கட்டத்தின் உச்ச அளவு 1,31,072 எழுத்து. அதைத் தாண்டினால் எரர் வரும், அதுவும் எங்கோ ஃபைலின் நடுவில். தாண்டாமல் ஃபைல் முடிந்துவிட்டால் எரரே வராது. மீதி எண்ணூறு மாணவர்கள் ஒருவருடைய முகவரியாகிவிடுவார்கள். ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தால் மூடாத மேற்கோளோடு ஃபைல் முடிவதை அது பிழையாகச் சொல்லும். அதை எப்போதும் ட்ரூவாகவே வையுங்கள். ஃபைலைத் திறக்கும்போது ‘நியூலைன்’ அளவுருவுக்கு வெற்றுச் சரம் கொடுக்க வேண்டும் என்பதையும் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், பலர் படிப்பதில்லை.

இப்போது தமிழ்ப் பெயர்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு லைப்ரரிகள் எதுவும் இதை உங்களுக்காகப் பார்த்துத் தராது.

யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். விண்டோஸில் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பைத்தான் பெரும்பாலும் 1252 என்ற மேற்கத்திய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாவது பைட் 141. அந்த அட்டவணையில் 141 க்கு எழுத்தே இல்லை, ஆகவே எரர் விழும். ஆனால் ‘ரமா’, ‘கீதா’, ‘லதா’ மூன்றிலும் புள்ளி இல்லை. அவற்றின் பைட்கள் எல்லாம் அட்டவணையில் இருப்பவை. உங்கள் டெஸ்ட் ஃபைலில் இந்த மூன்று பேர் மட்டும் இருந்தால் எரர் வராது, மூன்று குப்பைச் சரங்கள் ஒழுங்காக டேட்டாபேஸில் ஏறும். ‘ரம்யா’ வந்து சேர்ந்த அன்றுதான் உடையும். டெஸ்ட் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது க்ஷ, ஸ்ரீ, கொ, கௌ, மெய்யெழுத்து எல்லாம் வருவது போல எடுங்கள்.

எக்செல்லில் சாதாரண ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அது மீட்க முடியாத இழப்பு. உங்கள் கோடில் எந்த வித்தையும் பலிக்காது. ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற தேர்வு எக்செல் 2016 முதல்தான் வருகிறது. ஆகவே பெயர்க் கட்டத்தில் கேள்விக்குறிகள் மட்டுமே இருந்தால் அதைத் தனிக் குறியீடாக வைத்து, எப்படிச் சேமிக்க வேண்டும் என்று வாசகத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த யூடிஎஃப்-8 தேர்வு ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளத்தை வைக்கும். சாதாரண யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போது ‘பதிவெண்’ என்ற நெடுவரிசை கண்முன்னே இருக்கும், ஆனால் ‘பதிவெண் இல்லை’ என்று உங்கள் லைப்ரரி சாதிக்கும். ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற கோடெக்கைக் கொடுத்தால் பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும்.

‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் வேறு. எனவே ‘கொடி’ என்று தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள், ஒரே மாணவி இரண்டு முறை பதிவாவாள். படித்தவுடன் ஒவ்வொரு சரத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீர்ந்தது. பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் ஒரு வரி. ஆனால் ‘கௌரி’யை ஒற்றைக்கொம்பு, ககரம், அப்புறம் ளகரம் என்று தட்டுபவர்கள் நிறைய. என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. நீங்களாக ‘ெள’ வந்த இடமெல்லாம் ‘ௌ’ என்று மாற்றப் போனால் ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் நாசமாகும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் மாற்றலாம் என்று விதி எழுத முடியும். ஆனால் ஒருவருடைய பெயரில் கைவைக்க அந்த அளவு உறுதி எனக்குப் போதாது. இதை எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு, பதிவை அப்படியே ஏற்றுங்கள். பிழை, எச்சரிக்கை என்ற இரண்டு தரம் உங்கள் டேட்டாகிளாஸில் இருக்க வேண்டியதற்கு இதுதான் நல்ல காரணம். கூடவே, ‘ஸ்ட்ரிப்’ செய்தால் எல்லா வெற்றிடமும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். இணையத்திலிருந்து நகலெடுத்த பெயரில் வரும் அகலமில்லா இடைவெளியை அது நீக்காது.

பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களின் காலத்து ஃபைல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010 இலேயே யூனிகோடை ஏற்றாயிற்று, அலுவலகக் கணினிகளுக்குத்தான் சேதி போய்ச் சேர நேரமாகிறது. அந்த ஃபான்டில் தமிழாகத் தெரிவது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய நெடுவரிசையில் முதல் ஐம்பது வரிகளில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லையென்றால் அது ஃபைல் பிழை. நிறுத்தி, ‘இது பழைய ஃபான்ட் போலத் தெரிகிறது’ என்று சொல்லுங்கள். எந்த ஃபான்ட் என்று ஊகித்துத் தானாக மாற்றப் போகாதீர்கள். அது தனி வேலை, தனிக் கருவி.

எண்களுக்கு வருவோம். கணக்கு எண்ணும் ஃபோன் எண்ணும் எண்கள் இல்லை, இலக்கங்களால் ஆன சரங்கள். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அதை இன்ட் (முழு எண் வகை) பக்கமே கொண்டுபோகக் கூடாது. முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எக்செல்லின் சேட்டைதான் பெரிது: பன்னிரண்டு இலக்கம் தொட்டதும் சாதாரணக் கட்டத்தில் எண்ணை அறிவியல் குறியீட்டில் காட்டும், சிஎஸ்வியாகச் சேமித்தால் காட்டியதையே எழுதும். அதாவது ஆறு இலக்கமும் ஓர் ‘இ’யும் ஒரு கூட்டல் குறியும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். இதை ஃப்ளோட்டுக்கு (தசம எண் வகைக்கு) கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு பின்னால் பூஜ்யங்களை நிரப்பித் தரும். அது வேறு யாருடைய கணக்காகவும் இருக்கலாம், உதவித்தொகை அங்கே போகும். கட்டத்தை உரை வடிவத்துக்கு மாற்றாமல் எண் வடிவத்தில் வைத்துப் பதினாறு இலக்கம் தட்டினாலும் பதினைந்துக்கு மேல் எக்செல் நினைவில் வைக்காது, கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். இதை உங்கள் கோட் கண்டுபிடிக்கவே முடியாது. துறைகளுக்கு அனுப்பும் மாதிரி ஷீட்டிலேயே அந்த நெடுவரிசையை உரையாக அமைத்து அனுப்புவதுதான் வழி.

பைத்தானின் இன்ட் நினைப்பதைவிடத் தாராளம். ‘௧௨’ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தாலும் 12 தரும் (அழகுதான், ஆனால் ‘௰’ கொடுத்தால் மறுக்கும்). அடிக்கோடு நடுவில் இருந்தாலும் ஏற்கும். ஆனால் 1,00,000 என்று நாம் எழுதும் லட்சக் காற்புள்ளியை ஏற்காது. ஃப்ளோட்டுக்கு ‘நான்’ (‘எண் அல்ல’ என்பதன் சுருக்கம்), ‘இன்ஃபினிட்டி’ என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாம் செல்லுபடியாகும் எண்கள். ஆகவே தொகைக்கு டெசிமல் வகையை எடுத்து, காற்புள்ளிகளை நீக்கி, அனுமதித்த எழுத்துகள் மட்டும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்து, பிறகு மாற்றுங்கள்.

ஐஎஃப்எஸ்சிக்குப் பதினோரு எழுத்து, முதல் நான்கு வங்கி, ஐந்தாவது பூஜ்யம், மீதி ஆறு கிளை. இது வடிவச் சோதனை மட்டும்தான். வடிவம் சரியாக இருந்தும் செத்துப்போன குறியீடுகள் உண்டு: 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தபின் பழைய குறியீடுகள் காலாவதியாயின. பழைய பாஸ்புக்கைப் பார்த்துத் தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் நான்கெழுத்துகளுக்கு ஒரு சின்ன கறுப்புப் பட்டியல் வைத்தால் பெரும்பகுதி மாட்டிக்கொள்ளும்.

தேதியை ஊகிக்காதீர்கள். 03/04/2006 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று எந்த லைப்ரரிக்கும் தெரியாது. அழைப்பவர் வடிவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு இலக்க ஆண்டை மறுத்துவிடுங்கள். பைத்தான் 68 ஐ 2068 என்றும் 69 ஐ 1969 என்றும் எடுத்துக்கொள்ளும். தேதிக் கட்டத்தில் 45292 போல ஐந்து இலக்க எண் வந்தால் அது எக்செல்லின் உள்கணக்கு. அந்த எண் 2024 ஜனவரி 1. அதை மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு.

டேட்டாபேஸ் பக்கம் நீங்கள் பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு இன்செர்ட் தோற்றால் அதற்குப் பின் வரும் எதையும் அது ஏற்காது. வரிக்கு வரி சேவ்பாயின்ட் வைத்தால் தோற்ற வரியை மட்டும் பின்வாங்கலாம். நாலாயிரம் வரிக்கு அது ஒன்றும் பாரமில்லை. 2024 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரஸ் 17 இல் காப்பி என்ற மொத்தமாக ஏற்றும் கட்டளைக்கே ‘பிழை வந்தால் தாண்டு’ என்ற அமைப்பு வந்திருக்கிறது, ஆனால் அது வகை மாற்றப் பிழைகளை மட்டும்தான் தாண்டும், ஒரே பதிவெண் இரண்டு முறை வருவதை அல்ல. மாணவர் பதிவெண்ணைத் தனித்த சாவியாக வைத்து, இருந்தால் புதுப்பி, இல்லையென்றால் சேர் என்று எழுதிவிட்டால் ஒரே ஃபைலை இரண்டு முறை ஏற்றினாலும் கேடு இல்லை. திருத்திய ஃபைல் திரும்பி வரும் ஏற்பாட்டுக்கு இது கட்டாயம்.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஏற்றுவதா, சரியானவற்றை மட்டும் ஏற்றுவதா? லைப்ரரி இரண்டையும் தரட்டும், ஆனால் ‘சொல்லாவிட்டால் இதுதான்’ என்று எதையும் இயல்பாக வைக்காதீர்கள். அழைப்பவர் சொல்லித்தான் ஆக வேண்டும். உதவித்தொகைப் பட்டியலுக்கு என் தேர்வு: சரியானவை ஏறட்டும், ஒருவருடைய ஐஎஃப்எஸ்சி தவறுக்காக மற்ற 3,999 பேர் காத்திருக்க வேண்டாம். வரவு செலவு இரண்டும் சமமாக வேண்டிய கணக்குப் பதிவுகளுக்கு நேர்மாறு. கூடவே ஒரு உச்சவரம்பு. ஆரக்கிளின் எஸ்க்யூஎல் லோடர் என்ற தரவு ஏற்றும் கருவியில் இயல்பாகவே ஐம்பது பிழைகளைத் தாண்டினால் ஏற்றுவதை நிறுத்திவிடும். உங்களுக்கு எண்ணைவிடச் சதவீதம் பொருந்தும். ஐந்தில் ஒரு வரி தவறு என்றால் பெரும்பாலும் நெடுவரிசைகள் இடம் மாறியிருக்கும்.

அதே எஸ்க்யூஎல் லோடரிடமிருந்து திருட வேண்டிய யோசனை ஒன்று இருக்கிறது. மறுத்த வரிகளை அது ‘பேட் ஃபைல்’ என்று தனியாக எழுதிவைக்கும், வந்த வடிவத்திலேயே. திருத்திவிட்டு அதையே மறுபடி உள்ளே கொடுக்கலாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: மறுத்த வரிகள் மட்டும், அதே நெடுவரிசைகள், அதே வரிசையில், கடைசியில் ‘என்ன தவறு’ என்று ஒரே ஒரு நெடுவரிசை கூடுதலாக. ஊழியர் திருத்திவிட்டு அந்த ஃபைலையே அனுப்புவார்; படிக்கும் அடுக்கு அந்தக் கடைசி நெடுவரிசையைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். மூல மதிப்புகளையே எழுதுங்கள், நீங்கள் சுத்தம் செய்த மதிப்புகளை எழுதினால் அவர் தட்டியது எது என்று அவருக்கே அடையாளம் தெரியாது. யூடிஎஃப்-8-சிக்கில் எழுதினால் எக்செல் தமிழைச் சரியாகக் காட்டும். சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி இவற்றில் தொடங்கும் கட்டங்களை எக்செல் ஃபார்முலாவாக இயக்கப் பார்க்கும். வெளியிலிருந்து வந்த மதிப்பை அப்படியே திருப்பி எழுதுவது பாதுகாப்பு ஓட்டை. முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் வைத்து எழுதி, திரும்பிப் படிக்கும்போது எடுத்துவிடுங்கள். ஒரு வேண்டாத சிக்கல்: எக்செல்லில் திறந்து திருத்திச் சேமிக்கும்போது கணக்கு எண்கள் மறுபடி சுருங்கும். இதற்காகவே அறிக்கையை எக்ஸ்எல்எஸ்எக்ஸாக, உரைக் கட்டங்களோடு எழுதித் தரும் வசதியையும் பின்னால் சேர்க்கலாம், ஓபன்பைஎக்செல் லைப்ரரி போதும்.

பாண்டாஸ் லைப்ரரியை எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். பகுப்பாய்வுக்கு அருமை. ஆனால் இங்கே அது தானாக வகையை ஊகிக்கும், ‘என்ஏ’ என்று இருந்தால் வெற்று என்று எடுத்துக்கொள்ளும் (நமீபியாவின் நாட்டுக் குறியீடே அதுதான்), தவறான வரியைத் தாண்டச் சொன்னால் தாண்டும், ஆனால் ஷீட்டைத் தட்டியவருக்குக் கொடுக்கக்கூடிய அறிக்கை ஒன்றும் தராது. கட்டச் சோதனைக்குப் பைடான்டிக் லைப்ரரி நல்ல துணை. ஒரு பதிவின் எல்லாப் பிழைகளையும் சேர்த்தே தரும். அதன் வாசகங்களை மட்டும் உங்கள் தமிழ் வாசகங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுத வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை: படிப்பது, வரி எண், கணக்குப் பொருத்தம், பேட் ஃபைல்.

டெஸ்டுக்கு ஒரு ஃபோல்டரில் கெட்ட ஃபைல்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தலைப்பு மட்டும் உள்ளது, பூஜ்ய பைட் உள்ளது, பிஓஎம் உள்ளதும் இல்லாததும், மூடாத மேற்கோள், காற்புள்ளிகள் மட்டுமே உள்ள வரி (எக்செல்லில் அழித்த வரிகள் இப்படித்தான் வரும்), கட்டத்துக்குள் வரிமுறிவு, கேள்விக்குறிப் பெயர்கள், ஒரே பதிவெண் இரண்டு முறை. உண்மையான மாணவர் விவரம் எதுவும் அதில் போகக் கூடாது. பெயரும் எண்ணும் கற்பனையாக இருக்கட்டும். பேட் ஃபைலைத் திருத்தாமல் அப்படியே திருப்பி ஏற்றினால் அதே வரிகள், அதே பிழைகளோடு, அதே எண்ணிக்கையில் வர வேண்டும். இந்த ஒரு டெஸ்ட் தேறினால் பாக்கி எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.